கேள்வி-பதில்: டிரெய்லரின் கழிவுநீர்த் தொட்டிகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டிராவல் டிரெய்லரின் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியின்) கழிவுநீர்த் தொட்டிகளைப் பற்றியவை என்பதால், மற்றவற்றை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். கழிப்பறைக் கழிவு சேரும் தொட்டி பிளாக் டேங்க். குளியல், கைகழுவல், சமையலறை ஆகியவற்றின் நீர் சேரும் தொட்டி கிரே டேங்க். விற்பவர்களும் பழுதுபார்ப்பவர்களும் வழங்கும் இப்பெயர்களையே நானும் வழங்குகிறேன்.

கேள்வி: முகாமில் சாக்கடை இணைப்பு இருந்தால் இரண்டு தொட்டிகளின் வடிகால் வால்வுகளையும் திறந்தே விட்டுவிடலாம் என்று டிரெய்லரை விற்றவர் சொன்னார். ஒரு மாதம் அப்படியே விட்டிருந்தோம். இப்போது கழிப்பறையில் தண்ணீர் இறங்கவில்லை. தொட்டியையே மாற்ற வேண்டும் என்று அதே விற்பனையாளர் கூறுகிறார்.

பதில்: உங்கள் மேல் தவறில்லை. முதலில் தவறான யோசனையைச் சொல்லி, இப்போது அதன் விளைவைச் சரிசெய்ய உங்களிடமே பணம் கேட்கிறார்கள். பிளாக் டேங்கின் அடிப்பகுதி ஏறத்தாழச் சமதளமானது. கழிவைத் தானாக வழிந்தோடச் செய்யும் அளவுக்கு அதில் சரிவு இருப்பதில்லை. வால்வு திறந்தே இருந்தால் நீர் மட்டும் அவ்வப்போது ஓடிவிட, மலமும் காகிதமும் கழிப்பறைக்கு நேர் கீழே தங்கிக் காய்ந்து, நாளுக்கு நாள் மேடாக உயர்கின்றன. தொட்டியில் மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்த நீர், 3 அங்குலக் குழாய் வழியாக ஒரே மூச்சில் வெளியேறும்போதுதான் திடக்கழிவையும் இழுத்துச் செல்லும். ஆகவே, சாக்கடை இணைப்பு இருந்தாலும் பிளாக் டேங்கின் வால்வு மூடியே இருக்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். வால்வை மூடிவிட்டு, கழிப்பறை வழியாக வெந்நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, அது இறங்க இறங்க மேலும் ஊற்றுங்கள். கொதிக்கும் நீர் பிளாஸ்டிக் தொட்டிக்கும் ரப்பர் வளையங்களுக்கும் ஆகாது. குழாயில் வரும் சூடு போதும். ஓர் இரவு ஊறவிட்டு, முடிந்தால் டிரெய்லரைச் சிறிது தூரம் இழுத்துச் சென்று, குலுங்கியபின் வடித்துவிடுங்கள். மேடு ஒரே முறையில் கரையாது. பொறுமையாகத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். அதற்கும் அசையாவிட்டால், உயரழுத்த நீரைப் பீய்ச்சித் தொட்டியைக் கழுவித் தருபவர்களை அழையுங்கள். தொட்டியை மாற்றுவது என்பது, விரிசல் இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு பேச வேண்டிய பேச்சு. மாற்றித்தான் ஆக வேண்டும் என்பவரிடம் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: எந்தத் தொட்டியை முதலில் வடிக்க வேண்டும்?

பதில்: முதலில் பிளாக், அது முற்றிலும் வடிந்தபின் கிரே, அப்போதுதான் கிரே டேங்கின் சோப்பு நீர் கழிவு ஹோஸை உட்புறம் கழுவிக்கொண்டு போகும்.

கேள்வி: தொட்டியை வடித்த பிறகும் சுவரிலுள்ள பலகையில் மூன்றில் இரண்டு பங்கு நிறைந்திருப்பதாகவே விளக்கு எரிகிறது. சென்சர்களை மாற்றப் பெருந்தொகை கேட்கிறார்கள்.

பதில்: தொட்டியைக் கழுவும் முன் ஒரு காசும் கொடுக்காதீர்கள். பல டிரெய்லர்களில் சென்சர் என்பது தொட்டியின் சுவரில் வெவ்வேறு உயரங்களில் துளையிட்டுச் செருகிய உலோக முனைதான். நீர் அம்முனைகளைத் தொட்டு மின்னோட்டத்தை இணைத்ததும் விளக்கு எரியும். ஈரக் காகிதமோ கொழுப்புப் படலமோ அதே முனைகளின் மேல் ஒட்டிக்கொண்டாலும் மின்னோட்டம் இணைந்துவிடும். தொட்டி காலியாக இருந்தாலும் பலகை நிறைந்திருப்பதாகவே காட்டும். அதே வகைச் சென்சரைப் புதிதாகப் பொருத்தினால் அதுவும் சில வாரங்களில் அழுக்கேறி இதே தகவலைத்தான் சொல்லும். நன்றாக ஊறவைத்துக் கழுவியும் தீராவிட்டால், தொட்டியின் வெளிச்சுவரில் ஒட்டி, பிளாஸ்டிக்கின் ஊடாகவே நீர்மட்டத்தை உணரும் வகையை வாங்குங்கள். அழுக்கு அதை அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. அதுவரை, கழிப்பறையின் மிதிகட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தால், பிளாக் டேங்கின் மட்டம் கண்ணுக்கே தெரியும்.

கேள்வி: தொட்டியில் ஊற்றும் மருந்துகளில் எது சிறந்தது? இதுவரை ஐந்து வகை வாங்கிவிட்டேன். நாற்றம் குறையவில்லை. தண்ணீரை மிச்சப்படுத்த, மிகக் குறைவாகவே ஃப்ளஷ் செய்கிறோம்.

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. தொட்டிக்கு முதல் மருந்து தண்ணீர்தான். தண்ணீர்ப் பற்றாக்குறையை மணமூட்டிய புட்டியால் ஈடுசெய்யலாம் என்று நம்பவைத்து நடக்கும் இந்த வணிகத்தின் மீது எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. ஆகவே இதைச் சற்று விரித்தே எழுதுகிறேன்.

கழிவு நீருக்குள் மூழ்கிக் கிடக்கும்வரை நாற்றம் பெரிதாக எழாது. நீருக்கு மேலே தலைநீட்டிச் சுவரில் ஒட்டிக் காயும்போதுதான் நாற்றம் எழுகிறது. தொட்டியை வடித்து முடித்ததும், அடிப்பகுதி முழுவதும் மூழ்கும்படி 10 முதல் 15 லிட்டர் நீரைக் கழிப்பறை வழியாக ஊற்றிவைக்க வேண்டும். மலம் கழித்தபின் கிண்ணத்தில் நீரை நிரப்பிக்கொண்டு, பிறகு மிதிகட்டையை அழுத்த வேண்டும். இவ்விரண்டையும் செய்யாதவருக்கு எந்த மருந்தும் உதவாது.

இனி மருந்துக்கு வருவோம். பழைய வகை மருந்துகள் சிலவற்றில் ஃபார்மால்டிஹைடோ, அதை மெல்ல வெளியிடும் புரோனோபோல் போன்ற பொருளோ இருக்கும். அவை தொட்டியிலுள்ள நுண்ணுயிர்களைக் கொன்று நாற்றத்தை அடக்குகின்றன. ஆனால் அதே திரவம் முகாமின் செப்டிக் டேங்குக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களையும் கொல்கிறது. பல முகாம்கள் அவற்றைத் தடைசெய்திருப்பதற்குக் காரணம் இதுதான். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004-இல் வகைப்படுத்தியது. அப்படிப்பட்ட ஒன்றை ஒரு குறுகலான அறையில் குனிந்து நின்று ஊற்றும்படி ஏன் விற்க வேண்டும்? புட்டியின் முன்பக்கத்துப் பூவையும் மலையையும் பார்க்காமல், பின்பக்கத்து உள்ளடக்கப் பட்டியலைப் படியுங்கள். பட்டியலே இல்லாத புட்டியைத் தொடாதீர்கள். மருந்து வேண்டுமென்றால் என்சைமும் நுண்ணுயிரும் கலந்த வகையை வாங்கலாம். அதுவும் போதிய நீரில்தான் வேலை செய்யும்.

காகிதத்துக்கும் இதே அளவுகோல்தான். ஒரு மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் நீரும் நான்கு தாள்களும் இட்டு, சற்று நேரம் ஊறவிட்டுக் குலுக்குங்கள். நூலும் துகளுமாகப் பிரிந்தால் அது தொட்டிக்கு ஏற்றது. துண்டு துண்டாக மிதந்தால் வேண்டாம். 'கரையும்' என்று அச்சிட்ட ஈரத்துடைப்பான்களை இப்படிச் சோதித்துப் பார்த்தால், அந்தச் சொல்லை எப்படித் துணிந்து அச்சிட்டார்கள் என்று நீங்களே கேட்பீர்கள்.

கேள்வி: தொட்டியைச் சுத்தம் செய்ய ப்ளீச் ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். ரப்பர் வளையங்கள் கெடும். சிறுநீரோடு சேர்ந்தால் நச்சு வாயுவும் எழும்.

கேள்வி: பயன்படுத்திய டிரெய்லர் ஒன்றை மலிவாக வாங்கினேன். அவசரத்தில் தொட்டிகளைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து வெளிக்குழாயின் மூடியைக் கழற்றியதும் கழிவு என் கால்மேல் கொட்டியது. விற்றவர் மீது வழக்குப் போட முடியுமா?

பதில்: வால்வு கசிவதை மறைத்தார் என்று நீங்கள் நிறுவ வேண்டும்; பார்க்கவே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மெத்தையின் மென்மையைச் சோதித்த நேரத்தில் பாதியைச் செலவிட்டிருந்தால் இது தெரிந்திருக்கும். பழைய டிரெய்லரை வாங்குபவர், விற்பவர் முன்னிலையிலேயே எல்லாத் தொட்டிகளிலும் நீர் நிரப்பச் செய்து, அடியில் ஒரு வாளியை வைத்து மூடியைக் கழற்றி, சொட்டுகிறதா என்று பார்த்து, ஒவ்வொரு வால்வின் பிடியையும் இழுத்துத் தள்ளிப் பார்த்த பிறகே பணத்தை எண்ண வேண்டும். உங்களுக்கு ஒரே ஆறுதல், இது எளிதில் தீரக்கூடிய பழுது என்பதுதான். வால்வின் தகடு பெரும்பாலும் நான்கு போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருக்கும், வளையங்களோடு மாற்றிவிடலாம். கூடவே, வெளிக்குழாயின் முனையில் திருகிப் பொருத்தும் இரண்டாம் வால்வு ஒன்றையும் வாங்குங்கள்.

கேள்வி: கழிவு ஹோஸ் மலிவானதே போதுமா?

பதில்: போதாது. நான் வாங்கிய மெல்லிய ஹோஸில், உள்ளிருக்கும் கம்பிச்சுருள் மடியும் இடங்களிலெல்லாம் முதல் பருவத்திலேயே ஊசித்துளைகள் விழுந்தன. அதற்கு மாற்றாக வாங்கிய மற்றொன்றில், முனையை ஒரு கிளாம்ப்பால் மட்டும் இறுக்கியிருந்தார்கள். வால்வைத் திறந்ததும் நீரின் வேகத்தில் அது கழன்றுவிட்டது. இரண்டையும் செய்தவர்கள், தங்கள் பொருளின் வழியே என்ன ஓடப்போகிறது என்று ஒரு கணமும் நினைத்துப் பார்க்கவில்லை என்பதே என் கணிப்பு. தடித்த சுவர், முனையோடு சேர்த்தே வார்க்கப்பட்ட பொருத்தி, இரு பக்கமும் மூடிகள் ஆகியவற்றைப் பார்த்து வாங்குங்கள். ஒளி ஊடுருவும், முழங்கைபோல் வளைந்த குழாய்த் துண்டு ஒன்று இருந்தால், பழுப்பாக ஓடும் நீர் தெளிவதைப் பார்த்து, தொட்டி கழுவப்பட்டதா என்று உறுதி செய்யலாம்.

கேள்வி: தொட்டியைக் கழுவ, டிரெய்லரின் பக்கவாட்டில் உள்ள இணைப்பில் ஹோஸை மாட்டிவிட்டு அரட்டைக்குப் போய்விட்டோம். வால்வு மூடியிருந்தது. கழிவு பொங்கிக் குளியலறை முழுவதும் பரவியது. உத்தரவாதத்தில் வராது என்கிறார்கள்.

பதில்: வராதுதான். மூடிய தொட்டிக்குள் நீரைச் செலுத்திவிட்டு அகன்றால், அது கழிப்பறை வழியாகவோ கூரையிலுள்ள காற்றுப்போக்கிக் குழாய் வழியாகவோ வெளியேறும். வழியில்லாவிட்டால் தொட்டியே வெடிக்கும். ஆனால் இணைப்பின் அருகில் எச்சரிக்கை ஒட்டப்படாமல், ஒப்படைத்தபோதும் யாரும் சொல்லாமல் இருந்தால், அதைக் குறிப்பிட்டு உற்பத்தியாளருக்கு எழுதுங்கள். அந்தக் குறை அவர்களுடையது.

கேள்வி: தொட்டியை வடித்துச் சுத்தமாகவே வைத்திருக்கிறோம். ஆனாலும் சில நேரம் திடீரென நாற்றம் வீசுகிறது.

பதில்: சன்னல்களை மூடிவிட்டுக் கூரை விசிறியை ஓடவிட்டபடி ஃப்ளஷ் செய்கிறீர்களா என்று பாருங்கள். விசிறி வெளியேற்றும் காற்றுக்கு ஈடாக, தொட்டிக்குள் இருக்கும் காற்று கழிப்பறை வழியாக மேலே இழுக்கப்படும். அதுவும் இல்லையென்றால், நெடுநாள் நிறுத்தியிருந்த டிரெய்லரில் குளியல் வடிகுழாயின் வளைவில் நாற்றத்தைத் தடுத்து நிற்க வேண்டிய நீர் வற்றியிருக்கும். ஒரு குவளை நீர் ஊற்றுங்கள். செலவில்லை.

கேள்வி: தொட்டிகள் நிறைந்த நிலையில் பயணம் செய்யலாமா?

பதில்: ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. இரண்டு தொட்டிகளிலும் சேர்த்து 250 லிட்டர் இருந்தால் 250 கிலோ. தொட்டி சக்கர அச்சுக்குப் பின்னால் இருந்தால், அந்த எடை இழுவைக் கொக்கியின் மீதுள்ள பாரத்தைக் குறைத்து, டிரெய்லரை நெடுஞ்சாலையில் பக்கவாட்டில் ஆடச்செய்யும். வடித்துவிட்டுப் புறப்படுங்கள்.

கேள்வி: குடிநீர் பிடிக்கும் ஹோஸாலேயே கழிவு ஹோஸைக் கழுவலாமா?

பதில்: கூடாது. வேறு நிறத்தில் தனி ஹோஸ் ஒன்றை வாங்கி, கையுறைகளோடும் கழிவு ஹோஸோடும் ஒரே பெட்டியில் வையுங்கள். குடிநீர் ஹோஸ் அந்தப் பெட்டிப் பக்கமே போகக் கூடாது.