காரணம் முதலில் வந்ததா, முடிவு முதலில் வந்ததா? - அறிகை முரண்பாடு பற்றிக் கேள்வி பதில்

சென்ற ஞாயிறு மாலை பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஒரு வாசகர் வட்டத்தில் அறிகை முரண்பாடு பற்றிப் பேசினேன். ஆங்கிலத்தில் காக்னிடிவ் டிஸ்ஸொனன்ஸ் என்பார்கள். கேள்வி நேரம் வந்தபோது மழை பிடித்துக்கொண்டது, மண்டபக்காரரும் சாவிக்கொத்தை ஆட்ட ஆரம்பித்துவிட்டார். சீட்டில் எழுதிக் கொடுத்தவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன், ஊர் மட்டும் இருக்கிறது.

புக்கிட் மெர்தாஜாம், கல்லூரி மாணவர்: ஐயா, இது மனசாட்சி உறுத்தல்தானே? அதற்கு எதற்கு இவ்வளவு பெரிய பெயர்?

பாதிதான் தம்பி. மனசாட்சி தப்பு செய்தால் குத்தும். இது தப்பே செய்யாதபோதும் குத்தும். ‘நான் விவரமான ஆள்’ என்று ஒரு நினைப்பு இருக்கிறது. ‘சல்லிக்காசு பெறாத சாமானுக்கு 300 வெள்ளி கொடுத்துவிட்டேன்’ என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே மண்டைக்குள் நிம்மதியாகக் குடியிருக்க முடியாது. பசி, தாகம் மாதிரி இதுவும் ஒரு தொந்தரவு, அதைப் போக்காமல் மனிதனால் இருக்க முடியாது என்று 1957இல் எழுதினார் அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர். எப்படிப் போக்குவது? கொடுத்த காசு திரும்பி வராது. எனவே நினைப்பை மாற்றிக்கொள்கிறோம்: ‘நல்ல சாமான்தான், உங்களுக்குத்தான் அருமை தெரியவில்லை.’ எட்டாத பழம் புளிக்கும் என்று பாட்டிகள் சொன்னது இதில் ஒரு பாதி. கைக்கு வந்த பழம் புளித்தாலும் இனிக்கிறது என்பது மறுபாதி.

ஆயர் ஈத்தாம்: இது வெள்ளைக்காரர்கள் மனதைப் பார்த்து எழுதியது. நமக்குப் பொருந்துமா?

விதை விழுந்ததே இந்தியாவில்தான். 1934 ஜனவரியில் பீகாரைப் பெரிய நிலநடுக்கம் உலுக்கியது. அதிர்ச்சியை உணர்ந்தும் சேதம் எதுவும் காணாத ஊர்களில், இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்று வதந்தி பரவியதை ஜமுனா பிரசாத் என்ற ஆய்வாளர் பதிவு செய்திருந்தார். பயந்துபோன மக்கள் ஏன் இன்னும் பயமுறுத்தும் கதையை நம்பவேண்டும்? பயம் முதலில் வந்துவிட்டது, அதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. வதந்தி அதைக் கொடுத்தது. ஃபெஸ்டிங்கர் தம் கருத்துக்கு வந்து சேர்ந்தது இந்த முடிச்சை அவிழ்க்கப் போய்த்தான்.

பாயான் லெப்பாஸ்: சாகாவா மைவியா என்று மூன்று மாதம் குழம்பி மைவி வாங்கினேன். மச்சான் சாகா வாங்கினார். அதற்கு முன் இரண்டும் எனக்குச் சமம்தான். இப்போது அவர் காரில் ஏறினாலே குறைதான் கண்ணில் படுகிறது. எனக்கு என்ன ஆயிற்று?

ஒன்றும் ஆகவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால். 1956இல் ஜாக் பிரேம் என்பவர் பெண்கள் சிலரிடம் ரொட்டி வாட்டி, காப்பி போடும் கருவி போன்ற வீட்டுச் சாமான்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னார். பிறகு, அவற்றில் இரண்டைக் காட்டி ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்றார். எடுத்த பிறகு மறுபடி மதிப்பெண் போட்டால், எடுத்தது ஏறியிருந்தது, விட்டது இறங்கியிருந்தது. இரண்டும் முதலில் சமமாக இருந்தால் இது இன்னும் பலமாக நடக்கும், உங்கள் கதை மாதிரி. (அந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு பங்கு கணக்கிடும் முறையாலேயே வரக்கூடும் என்று 2010இல் இருவர் காட்டினார்கள். அதனால் முழுவதையும் மனத்தின் தலையில் கட்டிவிட வேண்டாம்.) கார் விஷயத்தில் இது நல்லதுதான், வாங்கியதை ரசித்து ஓட்டுங்கள். மச்சானிடம் மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.

டத்தோ கெராமாட்: அப்பாவுக்கு இனிப்பு நீர். நாசி கண்டார் கடைக்குப் போனால் குவா பாஞ்சிர் (சோறு மூழ்கக் குழம்பு) கேட்டு, கோழி, முட்டை எல்லாம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கடைசியில் ‘தே ஓ கோசோங்’ (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) என்று அழுத்திச் சொல்கிறார். கேட்டால் ‘அதான் சீனி போடவில்லையே’ என்கிறார்.

அந்தக் ‘கோசோங்’கை அவர் எவ்வளவு சத்தமாகச் சொல்கிறார் என்று கவனித்தீர்களா? சொல்வது கடைக்காரருக்காக மட்டும் இல்லை. ‘நான் உடம்பைக் கவனிக்கிறவன்’ என்ற நினைப்பு அந்த ஒரு கிளாஸில் காப்பாற்றப்படுகிறது. சோறும் மாவுச்சத்துதான், இரத்தத்தில் சர்க்கரையாகத்தான் போய்ச் சேரும். அது அவருக்கும் தெரியும். 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நம் மலேசியாவில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு இந்த நோய், எனவே இந்தக் காட்சி எல்லா மேசையிலும் நடக்கிறது. ‘உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்கிறீர்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். குத்தல் கூடினால் சாக்கும் கூடும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்க்கும் கருவியை மேசையில் வையுங்கள். எண்ணை அவரே படிக்கட்டும், நீங்கள் பேசாமல் இருங்கள்.

பட்டர்வொர்த், ஒரு சகோதரி: வீட்டுக்காரர் நாலு நம்பர் லாட்டரி எடுக்கிறார். வாங்குவதற்கு முன் ‘பார்ப்போம்’ என்பார். வாங்கி வந்ததும் ‘இந்த வாரம் நிச்சயம்’ என்கிறார்.

சீட்டு கைக்கு வந்ததும் எண்ணில் எதுவும் மாறவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறார். 1968இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கனடாவின் வான்கூவரில் குதிரைப் பந்தயத்தில் 2 டாலர் கட்டிய 141 பேரிடம் கேட்டார்கள். சிலரைப் பணம் கட்டுமுன், சிலரைக் கட்டிய கையோடு. ‘உங்கள் குதிரை ஜெயிக்குமா?’ கட்டியவர்களிடம் நம்பிக்கை தெளிவாகக் கூடுதலாக இருந்தது. இடையில் இருந்தது அரை நிமிடம், ஒரு ஜன்னல், அவ்வளவுதான். வாங்கியபின் வாதாடாதீர்கள் அம்மா, அப்போது அவர் வக்கீல். ‘பார்ப்போம்’ என்று சொல்கிற நேரத்தில் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையைப் பேசி முடியுங்கள்.

ஜெலுத்தோங், 26 வயது: அங்கிள், சின்ன நிறுவனம், சம்பளம் 1,900 வெள்ளி. நண்பர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் எனக்கு வேலை உண்மையிலேயே பிடித்திருக்கிறது. நானே என்னை ஏமாற்றிக்கொள்கிறேனா?

இருந்த சீட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஃபெஸ்டிங்கரும் கார்ல்ஸ்மித்தும் 1959இல் வெளியிட்ட சோதனையைச் சொல்கிறேன். ஸ்டான்ஃபோர்டு மாணவர்களை ஒரு மணி நேரம் உயிரை வாங்கும் வேலையில் உட்கார வைத்தார்கள். நூற்கண்டுகளைத் தட்டில் அடுக்கு, எடு, மறுபடி அடுக்கு. பிறகு பலகையில் 48 முளைகள். ஒவ்வொன்றையும் கால் சுற்றுத் திருப்பு, முடிந்ததும் முதலிலிருந்து திருப்பு. இதன் பின்னர், வெளியே காத்திருந்த பெண்ணிடம் ‘ரொம்ப சுவாரசியமாக இருந்தது’ என்று பொய் சொல்லச் சொன்னார்கள். அந்தப் பொய்க்குச் சிலருக்கு 1 டாலர் கூலி, சிலருக்கு 20 டாலர்.

கடைசியில், உண்மையில் எப்படி இருந்தது என்று தனியாகக் கேட்டார்கள். −5 முதல் +5 வரை மதிப்பெண். 20 டாலர் வாங்கியவர்கள் சராசரியாக −0.05 போட்டார்கள். 1 டாலர் வாங்கியவர்கள் 1.35. குறைந்த கூலிக்காரர்களுக்குத்தான் வேலை ‘பிடித்திருந்தது’! 20 டாலர்காரனுக்குப் பொய்க்குக் காரணம் பையில் இருக்கிறது. 1 டாலர்காரனிடம் ஒன்றும் இல்லை, ஆகவே மனதுக்குள்ளே உற்பத்தி செய்துகொண்டான்.

இதை வைத்து உன் ஆசையைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஒரு சோதனை சொல்கிறேன். இந்த வேலையில் உனக்குப் பிடித்தவை என்னென்ன? அவற்றில் எவை, சம்பளம் தெரியுமுன்பே உன்னை இழுத்தவை? நண்பர்கள் சிரித்தபிறகு முளைத்தவை எவை? இரண்டாவது வகைதான் அதிகம் என்றால் கொஞ்சம் யோசி. இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2024இல் பல நாடுகளின் 39 ஆய்வகங்கள் சேர்ந்து, மாணவர்களை அவர்கள் கருத்துக்கு எதிராகக் கட்டுரை எழுதவைத்துப் பார்த்தன. கருத்து நகர்ந்தது. ஆனால் ‘எழுதுங்கள்’ என்று கட்டளையிடப்பட்டவர்களைவிட ‘விரும்பினால் எழுதுங்கள்’ என்று கேட்கப்பட்டவர்களிடம் அது கூடுதலாக நகரும் என்ற பழைய எதிர்பார்ப்பு பலிக்கவில்லை. நான் இருபது வருடம் மேடையில் உறுதியாகச் சொல்லி வந்த வரி அது. இப்போது குரலைத் தாழ்த்திச் சொல்கிறேன்.

ஊர் எழுதவில்லை: தமிழ்ப்பள்ளியைக் காப்போம் என்று மேடையில் பேசுகிறேன். மகளைச் சீனப்பள்ளியில் சேர்த்திருக்கிறேன். தூக்கம் வரவில்லை.

உங்கள் சீட்டைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன். இந்த மண்ணில் தமிழ்க் கல்வி 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கியது என்று நீங்களே மேடையில் சொல்லியிருப்பீர்கள். மகளின் பள்ளி உங்கள் குடும்பத்தின் முடிவு, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் தூக்கம் வராததை நோயாக நினைக்காதீர்கள். 1992இல் கலிஃபோர்னியாவில், நீச்சல் முடித்து வந்த மாணவிகளிடம் ‘தண்ணீரைக் குறைவாகச் செலவழியுங்கள்’ என்று மற்றவர்களைக் கேட்கும் அறிக்கையில் கையெழுத்து வாங்கினார்கள், அவர்களே எப்போதெல்லாம் வீணாக்கினார்கள் என்றும் நினைவூட்டினார்கள். இரண்டும் சேர்ந்து நடந்தவர்கள் சீக்கிரம் குளித்துவிட்டு வந்தார்கள். குத்தல் சில வேளை செய்கையையும் மாற்றும். சனிக்கிழமை மகளுக்கு ஒரு மணி நேரம் தமிழ் சொல்லிக்கொடுங்கள். ‘சீனம் தெரிந்தால்தான் இந்தக் காலத்தில்...’ என்று மேடையில் புதிதாக ஒரு தத்துவம் பேச ஆரம்பித்தால்தான் கவலைப்படுவேன்.

பிறை: அண்ணன் ஒரு ‘தங்க முதலீட்டில்’ 8,000 வெள்ளி விட்டார். இப்போது இன்னும் 5,000 போடப் போகிறாராம். நாங்கள் ‘ஏமாந்துவிட்டாய்’ என்றதும் எங்களோடு பேசுவதில்லை.

‘ஏமாந்தவன்’ என்ற பட்டத்தை ஏற்பதைவிட 5,000 கட்டுவது அவருக்கு மலிவாகத் தெரிகிறது. பட்டத்தைத் திரும்ப வாங்குங்கள். ‘படித்தவர்களே மாட்டுகிறார்கள், அவர்கள் அவ்வளவு கெட்டிக்காரர்கள் அண்ணே’ என்று நீங்களே வாசலைத் திறந்துவிட்டால்தான் அவர் வெளியே வருவார். பிறகு ஒரே ஒரு கேள்வி: ‘இன்றைக்கு முதல்முறையாக இதைக் கேள்விப்பட்டால் 5,000 போடுவாயா?’ பணம் அண்மையில் வங்கி வழியாகப் போயிருந்தால் தாமதிக்காமல் 997 என்ற மோசடிப் புகார் எண்ணுக்கும் வங்கிக்கும் அழையுங்கள். மனதை அப்புறம் சரிசெய்யலாம்.

பெயரில்லாத சீட்டு: நீங்கள் மட்டும் யோக்கியமா?

அமைதி வேண்டும் என்று பாலிக் புலாவில் வீடு வாங்கினேன். வேலையோ ஜார்ஜ் டவுனில். மலைச்சாலை வளைவுகளைப் பற்றி யார் கேட்டாலும், ‘அது ஒரு தியானம்’ என்று சொல்லி வருகிறேன். வீடு பார்க்கப் போன நாளில் இந்தத் தியானத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை என்று மனைவி நினைவூட்டினார். போன வியாழன் மணல் லாரிக்குப் பின்னால் 20 நிமிடம் ஊர்ந்தோம். நான் வாயைத் திறக்குமுன் அவர் வானொலியின் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.