மாதம் ஒரு லட்சியம்: பார்டர்லைன் மகளிடம் ‘எப்படி வாழ ஆசை’ என்று கேட்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. ரொம்ப அலைச்சலுக்குப் பிறகு ‘பார்டர்லைன் பர்சனாலிட்டி’ என்று சொல்லியிருக்கிறார்கள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம் உண்டு. தெரபிஸ்டோ நான்கு வாரமாக ‘உனக்கு எது முக்கியம், எப்படி வாழ ஆசை’ என்றே கேட்டுக்கொண்டிருக்கிறார். ஏற்கெனவே இவளுக்கு மாதம் ஒரு லட்சியம். ஃபேஷன் டிசைன், அப்புறம் ஐஏஎஸ் கோச்சிங், இப்போது கேக் டிப்ளமோ, கட்டணம் 85,000 ரூபாய். முதலில் நோயைச் சரிசெய்துவிட்டு இலக்கைப் பேசினால் ஆகாதா? பணம் கட்டலாமா? – ஒரு தாய், திருச்சி.

பணம் கட்ட வேண்டாம். தெரபியை நிறுத்தவும் வேண்டாம்.

நீங்கள் கேட்பதில் பாதி நியாயம் இருக்கிறது. உணர்ச்சிகளும் உறவுகளும் ‘நான் யார்’ என்பதும் நிலையில்லாமல் ஆடுகிற இந்தக் கோளாறுக்கு அதிகம் பயன்படுவது டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்னும் பேச்சு சிகிச்சை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மார்ஷா லினஹன் வகுத்தது. அதன் முதல் முக்கிய ஆய்வு 1991இல் வெளிவந்தது. எதை முதலில் கையில் எடுப்பது என்பதற்கு அதில் ஒரு வரிசை உண்டு. உயிருக்கு ஆபத்தானவை முதலில், தெரபியையே கெடுப்பவை அடுத்தது, படிப்பு, வேலை, உறவெல்லாம் மூன்றாவது. ஆனால் அந்த வரிசையைத் தொடுவதற்கு முன்பே, ஆரம்ப வாரங்களில், ‘உனக்கு எப்படிப்பட்ட வாழ்க்கை வேண்டும்’ என்று கேட்டுவிடுவார்கள். காரணம் இருக்கிறது. காயப்படுத்திக்கொள்வது அந்த நிமிடத்தின் தவிப்பை நிஜமாகவே கொஞ்சம் தணிக்கிறது. அந்தப் பழக்கத்தை விடச் சொல்கிறோம். எதற்காக விட வேண்டும்? ‘அம்மா அழுகிறாள்’ என்ற காரணம், ராத்திரி பதினொரு மணிக்கு அம்மாவோடுதான் சண்டை என்றால், நிற்காது. அவளுக்கென்று ஒரு காரணம் வேண்டும். தெரபிஸ்ட் அதைத்தான் தோண்டிக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்று. பாஸ்டன் அருகே மெக்லீன் மருத்துவமனையில் இந்தக் கோளாறு உள்ள 290 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பத்தாண்டுக்குள் 93 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் அடங்கி, குறைந்தது இரண்டு வருடம் அப்படியே இருந்தன. இது நல்ல செய்தி, நம் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் அதோடு வேலை அல்லது படிப்பு, நெருங்கிய உறவு என்று வாழ்க்கையும் நிலைபெற்றவர்கள் பாதிப் பேர்தான். நோய் அடங்கினால் வாழ்க்கை தானாக வந்து உட்காராது என்பதால்தான் இரண்டையும் சேர்த்தே நடத்துகிறோம்.

மாதம் ஒரு லட்சியம் என்கிறீர்களே, அது சோம்பேறித்தனமும் இல்லை, திமிரும் இல்லை. ‘நான் யார்’ என்பது நிலையில்லாமல் ஆடுவது இந்தக் கோளாறின் ஒன்பது அடையாளங்களில் ஒன்று. என்னிடம் வருபவர்கள் முன்னால் சிறு அட்டைகளைப் பரப்புவேன். நேர்மை, பணம், அமைதி, குழந்தைகள், பேர் வாங்குவது என்று ஒவ்வொன்றிலும் ஒரு சொல். பத்தை எடுக்கச் சொல்வேன். முதல் தடவை அநேகமாக அப்பா, அம்மா, காதலன் விரும்புகிற அட்டைகளே மேஜைக்கு வரும். ‘வீட்டில் யாருக்குமே தெரியப்போவதில்லை என்றால் எதை வைத்துக்கொள்வாய்?’ என்று கேட்டதும் கை தயங்கும். ஏழெட்டு அட்டைகள் திரும்பிப் போகும். மிச்சமிருக்கும் இரண்டு மூன்றில்தான் எங்கள் வேலை தொடங்குகிறது.

உங்கள் மகளின் மூன்று லட்சியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துணி, கேக் இரண்டும் கையால் ஒன்றைச் செய்து அடுத்தவர் முகம் மலர்வதைப் பார்ப்பது. ஐஏஎஸ் யாருடைய ஆசை என்று நீங்களே யோசியுங்கள். படிப்பு மாறலாம், கையால் செய்கிற ஆசை மாறாமல் இருக்கலாம். அதைப் பிடித்துக்கொண்டு, மனசு சரியில்லாத செவ்வாய்க்கிழமையும் ஒரு மணி நேரம் அடுப்படியில் நிற்கப் பழகுவதுதான் சிகிச்சை. டிப்ளமோ சான்றிதழ் பிறகு.

ஒரு விதிவிலக்கு, இதைக் கவனமாகப் படியுங்கள். பார்டர்லைனில் மனநிலை மணிக்கணக்கில் மாறும். யாரோ போன் எடுக்கவில்லை, யாரோ முறைத்தார்கள் என்று ஒரு காரணமும் பெரும்பாலும் இருக்கும். அப்படியில்லாமல் தொடர்ந்து நான்கைந்து நாள், ராத்திரி மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பே தெரியாமல், பேச்சு வேகமெடுத்து, பணத்தை வாரியிறைத்து, பெரிய பெரிய திட்டம் போட்டால் அது பைபோலாராக (அதீத உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் நாள்கணக்கில் மாறி மாறி வரும் நோய்) இருக்கலாம். இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு. ஒரு ராத்திரி விழித்துக் கேக் செய்தாள் என்பது கணக்கில் வராது. விழித்துவிட்டு மறுநாள் மதியம் வரை தூங்கினாள் என்றால் அதுவும் வராது. அவள் தூங்கிய நேரத்தைக் காலண்டரில் தினமும் குறித்து மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். பைபோலார் என்றால் மாத்திரைதான் முதலில், அட்டையெல்லாம் அப்புறம்.

இனி எனக்கு எரிச்சல் வரும் விஷயம். இந்தப் பிள்ளைகளின் ஒவ்வொரு புது லட்சியத்துக்கும் வாசலில் ஒருவர் ரசீதுப் புத்தகத்தோடு காத்திருக்கிறார். அட்மிஷன் ஏஜென்ட் ‘இன்றைக்கே கட்டினால் சலுகை’ என்பார். அவர் எடுத்த கமிஷன் திரும்பி வராது. ஒரிஜினல் சான்றிதழ்களை ஒருபோதும் கொடுக்காதீர்கள். கல்லூரிகளே அவற்றைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018இல் சொல்லிவிட்டது, ஏஜென்டுக்கு என்ன உரிமை? அடுத்தவர் லைஃப் கோச். வார இறுதிப் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டு, 21 நாளில் இலக்கைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்பார். காயப்படுத்திக்கொள்ளும் பெண்ணிடம் ‘பெரிதாகக் கனவு காண்’ என்று சொல்லி, அது நடக்காத அன்று அவர் போனை எடுக்க மாட்டார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று யார் சொன்னாலும் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மூன்றாமவர், ‘கால்கட்டு போட்டால் சரியாகிவிடும்’ என்கிற கல்யாணத் தரகர். அவரைப் பற்றி எழுத இடம் போதாது.

நம் மருத்துவ ஏற்பாடும் அவர்களுக்குத்தான் வழிவிடுகிறது. பார்டர்லைனுக்கென்று ஒப்புதல் பெற்ற மாத்திரை எதுவும் கிடையாது. (கூடவே இருக்கும் மனச்சோர்வு, பதற்றத்துக்குத் தருவார்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.) ஆனாலும் கூட்டம் நெரியும் ஓபியில் ஐந்து நிமிடத்தில் கையில் வருவது மாத்திரைச் சீட்டுதான், ‘எப்படி வாழ ஆசை’ என்று கேட்க யாருக்கு நேரம்? மனநோய்க்கும் உடல்நோய்க்கு நிகராகக் காப்பீடு என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. பாலிசிகளோ பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தருகின்றன. வாரம் ஒருமுறை, ஒரு வருடம் போகிற தெரபிக்குக் கைக்காசுதான். அந்த 85,000ஐ அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மகளிடம் ‘மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா’ என்று கேட்காமல், ஒருநாள் பேக்கிங் வகுப்பு ஒன்றுக்கு மட்டும் அனுப்புங்கள். இரண்டு மாதம் வாரம் ஒருமுறை வீட்டில் செய்யட்டும். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், தவணையில் கட்டலாமா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். அடுத்த முறை தெரபிஸ்டிடம், நெருக்கடியான இரவுக்கு என்ன திட்டம் என்று எழுதி வாங்கி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.