கேள்வி – பதில்: பாம்பன் பாலத்தைக் கடல் கொண்டுபோனதா?

கேள்வி: 1964 புயலில் பாம்பன் பாலத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று என் தாத்தா சொல்கிறார். ஆனால், 1914இல் கட்டிய பாலத்தில்தான் 2022 வரை ரயில் ஓடியது என்று படிக்கிறேன். எது சரி? புதிய பாலமும் பழைய தூக்குப்பாலத்தைப் போலவே திறக்குமா?
– ஒரு வாசகி, மண்டபம்

பதில்: இரண்டுமே சரிதான். 1911இல் வேலை தொடங்கி 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட அந்தப் பாலம், சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு ரயிலில் வந்து, கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, மீண்டும் ரயிலில் கொழும்பு செல்லும் போட் மெயில் பயணத்திற்கு வழி திறந்தது. ஏறத்தாழ 2 கி.மீ. நீளத்திற்குக் கடலுக்குள் நின்ற தூண்களின்மேல், தூணுக்குத் தூண் இரும்பு கர்டர்கள் (பாதையைத் தாங்கும் நீண்ட உத்தரங்கள்) கிடத்தப்பட்டிருந்தன.

1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி வீசிய புயல் பெயர்த்தெடுத்தது இந்தக் கர்டர்களைத்தான். 126 கர்டர்கள் கடலில் விழுந்தன. தூண்கள் பெரும்பாலும் நின்றன. கப்பலுக்கு வழிவிடும் தூக்குப்பாலமும் தப்பியது. அன்றிரவு பயணிகளோடு மூழ்கிய ரயில் இந்தப் பாலத்திலிருந்து விழுந்ததாகப் பலர் நம்புகிறார்கள். அது தவறு, அந்த ரயிலை அலை வாரிக்கொண்டது தனுஷ்கோடியை நெருங்கிய நிலையில், ராமேஸ்வரம் தீவுக்குள் இருந்த பாதையில்.

பாலத்தைச் சீரமைக்க முதலில் ஆறு மாதம் கெடு வைக்கப்பட்டது; பிறகு அது மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. அப்போது இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று, கடலடியில் கிடந்த கர்டர்களைத் தேடியெடுத்து, பழைய தூண்களின்மேலேயே மீண்டும் ஏற்றி, 46 நாட்களில் முடித்தார். உப்புக்காற்று ஓயாமல் அரிக்கும் இடத்தில் அந்த இரும்பு அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ரயிலைச் சுமந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம், அந்தத் தொழிலாளர்கள்மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டாகிறது. 2007இல் மீட்டர்கேஜ் பாதை அகலப்பாதையாக மாறியபோதும் பாலம் அதேதான். தனுஷ்கோடிக்குத்தான் ரயில் திரும்பவில்லை.

திறக்கும் முறை வேறு. அமெரிக்கரான ஷெர்சரின் பெயரால் அழைக்கப்படும் பழைய தூக்குப்பாலத்தில், நடுவில் சேரும் இரு பகுதிகளையும் இரு கரைப்பக்கமும் நின்ற தொழிலாளர்கள் கையால் நெம்புகோல் சுற்றி உயர்த்துவார்கள். அவை இரு கைகளைப்போல மேல்நோக்கி விரியும். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரே பகுதி, இருபுறக் கோபுரங்களுக்கு நடுவே, படுக்கைவாக்கிலேயே 17 மீட்டர் வரை மின்விசையால் உயர்கிறது.