காலையில் முதல் அடி வைத்ததும் குதிகால் குத்துகிறதா?

கேள்வி: வயது 47. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை. நான்கு மாதமாகக் காலையில் எழுந்து ஊன்றினாலே வலது குதிகாலில் ஆணி குத்துவதுபோல வலி. நாலு எட்டு நடந்தால் குறைந்து, சாயங்காலம் திரும்ப வருகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருக்கிறதாம். ஊசி போட்டுக்கொள்ளலாமா?

பதில்: எலும்பு வளர்ச்சியைப் பற்றிய கவலையை விடுங்கள். வலியே இல்லாத பலருக்கும் எக்ஸ்ரேயில் அந்த முள் தெரியும். உங்கள் வலி, குதிகாலில் இருந்து விரல்கள் வரை ஓடும் தடித்த திசுப் பட்டையில் இருக்கிறது. அது எலும்போடு ஒட்டும் உட்பக்க அடி, நின்று நின்றே நைந்துபோகிறது. இதுதான் பிளான்டார் ஃபேசியைடிஸ். தூக்கத்தில் பாதம் கீழ்நோக்கித் தளர்ந்து கிடப்பதால் பட்டை இறுகிவிடும். எழுந்ததும் உடல் எடை மொத்தமும் அதை இழுக்க, சுரீரென்கிறது.

அதனால் வைத்தியம் கட்டிலிலேயே தொடங்க வேண்டும். கால் தரையில் படுவதற்கு முன், வலிக்கிற காலை மற்ற முழங்காலின் மேல் போட்டு, விரல்களைக் கையால் முன்காலை (முழங்காலுக்குக் கீழே முன்பக்கம்) நோக்கி இழுங்கள். சரியாக இழுத்தால் உள்ளங்காலில் நரம்பு முறுக்கினாற்போலப் பட்டை விறைப்பது மறுகைக்குத் தட்டுப்படும். 10 வினாடி பிடித்து, 10 முறை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. பலர் எழுந்து நடமாடிய பிறகு செய்துவிட்டு, பலனில்லை என்கிறார்கள்.

கெண்டைக்கால் இறுக்கமும் பட்டையை இழுக்கும். சுவரில் கை ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் வைத்து, முழங்கால் மடங்காமல், குதிகால் தூக்காமல் 30 வினாடி, மூன்று முறை.

கடினமான டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள், வீட்டுக்குள்ளும். தேய்ந்த தட்டைச் செருப்பைத் தூக்கிப் போடுங்கள். எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற ரப்பர் செருப்பு நல்லதுதான்; ஆனால் உள்ளங்கால் வளைவுக்குத் தாங்கல் இருக்க வேண்டும், அமுக்கினால் பஞ்சுபோல அடியோடு அமுங்கக் கூடாது. கடையில் உட்கார ஒரு ஸ்டூல் கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்ததும், உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணி சுற்றிப் பாதத்தின் கீழ் 10 நிமிடம் உருட்டலாம். சூடான செங்கல்லில் எருக்கிலை வைத்து மிதிப்பது இதமாக இருக்கும், நோயைத் தீர்க்காது. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் அந்தச் சூட்டையும் ஐஸையும் தொடவே கூடாது.

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை கிழியவும், குதிகாலின் கொழுப்பு மெத்தை தேயவும் வாய்ப்புண்டு. நானாக இருந்தால் மூன்று மாதம் பயிற்சியை ஒழுங்காகச் செய்த பிறகே ஊசியைப் பற்றி யோசிப்பேன். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் அடங்கிவிடுவதால், அறுவை சிகிச்சை வரை போகிறவர்கள் மிகச் சிலரே.

படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, குதிகாலை இருபக்கமும் அழுத்தினால் உயிர் போனாலோ, எரிச்சலும் மரத்துப்போதலும் இருந்தாலோ, இரு குதிகால் வலியோடு காலையில் இடுப்பும் வெகுநேரம் விறைத்திருந்தாலோ இது வேறு நோயாக இருக்கலாம். பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.