லில்லி இலையைத் திருப்பிப் பாருங்கள்

கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்து அஜாக்ஸ் நகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அக்கா, முன் முற்றத்தில் பன்னிரண்டு ஏசியாட்டிக் லில்லி வைத்திருக்கிறேன். போன வருடம் ஜூன் நடுவில் பார்த்தால் இலையெல்லாம் சல்லடை. இலைக்கு அடியிலும் தண்டிலும் கறுப்பாக, ஈரமாக ஏதோ ஒட்டிக் கிடந்தது. குருவி எச்சம் என்று நினைத்து விட்டுவிட்டேன். சிவப்பாகச் சில வண்டுகளும் இருந்தன. 'அது லேடிபக், நல்ல பூச்சி, கொல்லக்கூடாது' என்று மகன் தடுத்துவிட்டான். மூன்று கன்றுதான் பூத்தது. இப்போது ஏப்ரல் முடியப் போகிறது, முளைகள் வெளியே வருகின்றன. மிளகாய்த்தூள் கரைத்து அடிக்கலாமா? வேப்பெண்ணெய் சரிவருமா? இல்லை, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு டே லில்லி வைக்கட்டுமா?"

பிடுங்க வேண்டாம் தங்கச்சி. நல்ல நேரத்தில் எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பூச்சியோடு நடக்கும் சண்டையில் பெரும்பகுதி மே மாதத்திலேயே முடிந்துவிடும். ஜூனில் இலை ஓட்டையானதைப் பார்த்து ஓடி வருகிறவர்களுக்குத்தான் நான் சொல்ல அதிகம் இருக்காது.

முதலில் மகனிடம் சொல்லுங்கள், அது லேடிபக் இல்லை. லேடிபக் அரைக் கடலையைக் கவிழ்த்தது போல உருண்டையாக இருக்கும், முதுகில் பெரும்பாலும் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். உங்கள் முற்றத்தில் இருந்தது லில்லி வண்டு. கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் நீளம், ஒடுங்கிய உடம்பு, புள்ளியே இல்லாத பளபளத்த சிவப்பு முதுகு. தலை, கால், உணர்கொம்பு, வயிறு எல்லாம் கறுப்பு. ஊரில் பூசணிக்கொடியில் விழுந்து இலையை அரிக்கும் செம்மஞ்சள் வண்டைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதுவும் ஒரே இலைவண்டுக் குடும்பம். லேடிபக் அசுவினியைத் தின்று நமக்கு உதவி செய்வது, ஆகவே பிள்ளை நினைத்ததில் பிழை இல்லை, ஆளைத்தான் மாறி அடையாளம் கண்டுவிட்டான்.

இது கனடாவுக்கு உரிய பூச்சியும் இல்லை. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இருந்தது. இங்கிலாந்தில் சரே பகுதியில் 1939இல் நிலைகொண்டது. 1940களில் மொன்றியலில் கண்டார்கள், 1992இல் அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் தெரிய வந்தது. ஒன்ராறியோவில் இப்போது லில்லி வைக்கிற எவருக்கும் இதைத் தெரியும். கிழங்கோடும் தொட்டி மண்ணோடும் பயணம் செய்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

அந்தக் கறுப்பு எச்சத்துக்கு வருவோம், விஷயம் அங்கேதான் இருக்கிறது. அது குருவி போட்டது இல்லை. லில்லி வண்டின் புழு தன் மலத்தைத் தன் முதுகிலேயே ஏற்றி வைத்துக்கொள்ளும். அதன் பின்புறத் துவாரம் மேல்நோக்கி இருப்பதால் கழிப்பதெல்லாம் முதுகில் வந்து சேர்கிறது. பறவையும் வேறு பூச்சிகளும் கிட்ட வராமல் இருக்க இப்படி ஒரு போர்வை. ஒரு குச்சியால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். அடியில் செம்மஞ்சள் நிறத்தில், கறுத்தத் தலையோடு, கொழுத்த புழு ஒன்று நெளியும். முதல்முறை எனக்கும் உங்களுக்கு நடந்ததுதான் நடந்தது. எச்சம் என்று நினைத்து, மழை பெய்தால் கழுவிப் போய்விடும் என்று விட்டேன். ஒரு கிழமை கழித்துப் போய்ப் பார்த்தபோது நடுத்தண்டு மட்டும்தான் நின்றது.

சிவப்பு வண்டும் இலை தின்னும், மொட்டையும் கடிக்கும். ஆனால் கன்றை மொட்டையாக்குவது பெரும்பாலும் இந்தப் புழுக்கள்தான். கண்ணில் படுவது வண்டு, வேலை முடிப்பது புழு. அதனால் வண்டை மட்டும் பிடித்துவிட்டுத் திருப்தியாக வீட்டுக்குள் வந்தால் பயன் பாதிதான். இலையின் அடியைப் பார்க்காத வரை நீங்கள் லில்லியைப் பார்க்கவில்லை என்றே நான் சொல்வேன்.

அதன் வருடக் கணக்கைத் தெரிந்துகொண்டால் எப்போது என்ன செய்வது என்பது தானாக விளங்கும். குளிர்காலத்தை வண்டாகவே மண்ணிலும் சருகுக்கு அடியிலும் கழிக்கிறது. மண் இளகி லில்லி முளை தலைகாட்டும்போது அதுவும் எழுந்து வரும், வந்ததும் தின்று இணை சேரும். பிறகு பெண் வண்டு இலையின் அடிப்பக்கத்தில் வரிசை வரிசையாக முட்டை வைக்கும். ஒரு பருவத்தில் ஒரு வண்டே 200 முட்டைக்கு மேல் வைக்கக்கூடியது. ஒரு கிழமை, பத்து நாளில் முட்டை பொரிக்கும். இரண்டு மூன்று கிழமை புழு தின்னும். பிறகு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, இன்னும் இரண்டு மூன்று கிழமையில் புது வண்டாக மேலே வரும். அந்தப் புது வண்டு கோடை முடியும்வரை தின்றுவிட்டு மண்ணுக்குள் போகும், அடுத்த வசந்தத்தில்தான் முட்டை வைக்கும். அதாவது வருடத்துக்கு ஒரு தலைமுறைதான். மே மாதத்தில் நீங்கள் பிடிக்கிற ஒரு பெண் வண்டு ஜூனில் வரப்போகிற ஒரு பெரிய புழுக்கூட்டத்துக்குச் சமம்.

சரி, பிடிப்பது எப்படி? இந்த வண்டுக்கு ஒரு தந்திரம் இருக்கிறது. நிழல் பட்டாலோ இலை அசைந்தாலோ பிடியை விட்டுக் கீழே விழும். விழும்போது பெரும்பாலும் மல்லாக்க விழும். கறுப்பு வயிறு மேலே, கறுப்பு மண் கீழே, சிவப்பு முதுகு மறைந்துவிடும். கண்ணுக்கு முன்னால் விழுந்ததைக் காணாமல் நீங்கள் தேடிக்கொண்டே நிற்பீர்கள். அதனால் மேலிருந்து கையைக் கொண்டுபோகக் கூடாது.

வாயகன்ற போத்தல் ஒன்றில் பாதிக்குத் தண்ணீர் எடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பில் சில துளி விடுங்கள். காலையில், குளிர் விலகுமுன் போங்கள், அந்த நேரம் வண்டுக்கு மந்தம். இடக்கையால் போத்தலை வண்டு இருக்கும் இலைக்கு நேர் கீழே பிடியுங்கள். வலக்கையால் இலையைத் தட்டினால் போதும், தானே உள்ளே விழும். சோப்புத் தண்ணீரில் அது மேலே ஏற முடியாது. ஏப்ரல் கடைசியில் முளைகள் விரல் உயரத்தில் நிற்கும்போது போத்தல் பிடிக்க இடம் இருக்காது. அப்போது முளையைச் சுற்றி ஒரு பழைய வெள்ளைத் துணியை விரித்துவிட்டுத் தட்டுங்கள். வெள்ளையில் கறுப்பு வயிறு பளிச்சென்று தெரியும்.

ஒன்றைப் பிடித்து உள்ளங்கைக்குள் மூடிக் காதருகே வைத்துப் பாருங்கள். கீச் கீச் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். வயிற்றின் நுனியைச் சிறகு மூடியில் உரசி அப்படிச் சத்தம் போடுகிறது. மகனுக்கு அதைக் கேட்கக் கொடுங்கள். அதற்குப் பிறகு உங்களைவிட அவன்தான் விடிய எழும்பிப் போத்தலோடு போவான். சிறு பிள்ளைகளின் கண் உயரம் இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்தும்.

வண்டு பிடித்த கையோடு ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பாருங்கள். முட்டைகள் செம்மஞ்சளில் தொடங்கிச் சிவப்பாகக் கறுத்துவரும். நடு நரம்பை ஒட்டி ஒழுங்கில்லாத ஒரு கோடு போல இருக்கும், ஒரு கோட்டில் சில முட்டைகளில் இருந்து ஒரு டசின் வரை. பெருவிரலால் இலையோடு சேர்த்து வழித்து நசுக்கிவிடலாம். அது பிடிக்காவிட்டால் ஒட்டும் டேப்பை விரலில் சுற்றி ஒற்றி எடுங்கள். ஒரே இலையில் நாலைந்து கோடு இருந்தால் அந்த இலையைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். ஆனால் இலை இலையாகக் கிள்ளிக்கொண்டே போகாதீர்கள், அடுத்த வருடப் பூவுக்கான சாப்பாட்டை அந்த இலைகள்தான் கிழங்குக்கு அனுப்புகின்றன.

மே முதல் ஜூன் கடைசி வரை இரண்டு நாளைக்கு ஒருமுறை போனால் போதும். பன்னிரண்டு கன்றுக்குப் பத்து நிமிடம். இடையில் ஒரு கிழமை கலியாண வீடு, பிரயாணம் என்று விட்டுப்போனாலும் பரவாயில்லை, வந்ததும் முதலில் முட்டையைத் தேடுங்கள். பத்து நாள் தாண்டினால் புழு வந்துவிடும். புழு வந்துவிட்டால் கையுறை போட்டுக்கொண்டு இலையை வழித்துவிடுங்கள். தண்ணீர்க் குழாயால் வேகமாகப் பீச்சினால் கறுப்புப் போர்வை கழன்று புழுவும் கீழே விழும், ஆனால் சில மறுபடி ஏறும். விழுந்ததைப் பொறுக்கிப் போத்தலில் போட வேண்டும்.

இனி உங்கள் மிளகாய்த்தூள். அடித்தால் அன்றைக்கு ஒரு நிம்மதி, அடுத்த மழையோடு போய்விடும். காற்று திரும்பினால் கண்ணுக்கும் வரும். நான் அதை நம்புவதில்லை. ஊரில் பூசணிக்குத் தூவியது போலச் சாம்பல் தூவலாமா என்றும் பலர் கேட்பதுண்டு. பனி ஈரத்தில் இலையில் ஒட்டும், மழை வந்தால் மண்ணுக்குப் போகும். சாம்பல் மண்ணின் புளிப்பைக் குறைக்கும், லில்லியில் பெரும்பாலானவை கொஞ்சம் புளித்த மண்ணை விரும்புபவை. அதனால் வேண்டாம்.

வேம்பில் விஷயம் இருக்கிறது. இளம் புழுவில் அது வேலை செய்யும், வளர்ந்த வண்டை அவ்வளவாக அசைக்காது. முட்டை பொரிக்கிற நேரம் பார்த்து, இலையின் அடிப்பக்கம் நனைய, ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும். ஆனால் தமிழ்க் கடையில் தலைக்கும் விளக்குக்கும் விற்கிற வேப்பெண்ணெயைக் கரைத்து அடிக்காதீர்கள். அதன் செறிவு உங்களுக்குத் தெரியாது, தடிப்பாக விழுந்தால் வெயிலில் இலை கருகும். கனடாவில் பூச்சிக்கென்று விற்கும் மருந்தின் லேபிளில் பதிவு எண் இருக்கும். எண் இல்லாததைப் பூச்சிமருந்தாக எடுக்கக்கூடாது. வீட்டுத் தோட்டத்துக்குப் பல இரசாயன மருந்துகளை ஒன்ராறியோ 2009இலேயே தடை செய்துவிட்டது. அமெரிக்கா போய் வருகிறவர்களிடம் சொல்லி எடுப்பிப்பதும், ஊரிலிருந்து பையில் கொண்டுவருவதும் ஆபத்தான வேலை. கன்றின் சாறு முழுக்கப் பரவும் மருந்துகள் பூவின் தேனுக்கும் மகரந்தத்துக்கும் போய்ச் சேரும், அங்கே வரும் தேனீ என்ன பாவம் செய்தது? லேபிளில் அனுமதி உள்ள ஸ்பினோசாட் என்ற பூச்சிமருந்து கிடைத்தால் பூ விரியுமுன், தேனீக்கள் அடங்கிய மாலை நேரத்தில் அடியுங்கள். அது ஈரமாக இருக்கும்போது தேனீக்கு நஞ்சு. பன்னிரண்டு கன்றுக்கு அதுகூடத் தேவைப்படாது என்பது என் எண்ணம்.

கிழங்கு செத்திருக்குமோ என்று பயப்பட வேண்டாம். ஒரு வருடம் இலை போனால் கிழங்கு மெலியும், அடுத்த வருடம் தண்டு சிறுத்து, பூ குறையும் அல்லது வராமல் போகும். தொடர்ந்து சில வருடம் இப்படி நடந்தால்தான் கிழங்கு தீர்ந்து போகும். உங்களுடையவை முளைத்துவிட்டன, அதுவே நல்ல செய்தி. இந்த வருடம் பூ கொஞ்சமாக வந்தாலும் இலையைக் காப்பாற்றிவிடுங்கள். பூ முடிந்ததும் தண்டை வெட்டாமல், தானாக மஞ்சளாகிக் காயும்வரை விடுங்கள்.

இலையுதிர் காலத்தில் பாத்தியைக் கிண்டிப் போட்டால் வண்டு செத்துவிடாதா என்றும் கேட்பார்கள். வண்டு லில்லிக்கு அடியிலேயே படுக்கும் என்று சொல்ல முடியாது, பக்கத்து வீட்டு வேலியோரச் சருகிலும் படுக்கும். அதோடு கிண்டாமல் விடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டெற்றாஸ்டிகஸ் செட்டிஃபர் என்ற மிகச் சிறிய குளவி ஒன்று இந்தப் புழுவுக்குள் முட்டை வைத்து அதைக் கொல்கிறது. ஐரோப்பாவில் இந்த வண்டை அடக்கி வைப்பவற்றில் அதுவும் ஒன்று. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தார் 1990களின் கடைசியிலிருந்து இப்படிப்பட்ட குளவிகளோடு வேலை செய்துவருகிறார்கள். கனடாவில் 2010இல் ஒட்டாவாவில் இந்தக் குளவியை விட்டார்கள். கடையில் வாங்கக் கிடைக்காது. உங்கள் பகுதிக்கு அது வந்து சேர்ந்தால், குளிர்காலத்தை லில்லிக்கு அடி மண்ணில்தான் கழிக்கும். அதனால் அந்த மண்ணைச் சும்மா விடுங்கள்.

டே லில்லி பற்றிக் கேட்டீர்கள். பெயரில் லில்லி இருந்தாலும் அது வேறு குடும்பம், இந்த வண்டு அதைத் தேடி வராது. கன்னா லில்லி, கல்லா லில்லிக்கும் பயமில்லை. உண்மையான லில்லியும், அதன் உறவான ஃப்ரிட்டிலேரியா என்ற பூச்செடியும்தான் இதற்கு விருந்து. உயிர்த்த ஞாயிறுக்குத் தேவாலயத்திலிருந்து கொண்டுவரும் வெள்ளை ஈஸ்டர் லில்லியும் உண்மையான லில்லிதான், தொட்டியிலிருந்து நிலத்துக்கு மாற்றினால் அதையும் கவனிக்க வேண்டும். லில்லிக்குள்ளும் பேதம் உண்டு. ஏசியாட்டிக் வகைகள்தான் அதிகம் அடிபடும். புதிதாக ஒன்று வைக்க ஆசை என்றால் பிளாக் பியூட்டி என்ற வகையைத் தேடுங்கள், அதில் புழு சரியாக வளராது. வீட்டில் பூனை இருந்தால் மட்டும் லில்லி, டே லில்லி இரண்டையுமே யோசித்து வையுங்கள். இலையோ மகரந்தமோ கொஞ்சம் உள்ளே போனாலும் பூனையின் சிறுநீரகம் பழுதாகி உயிர் போகலாம்.

நன்றாகப் பூத்துவிட்டால் சிநேகிதிகள் கன்று கேட்பார்கள். கோடையில் மண்ணோடு தொட்டியில் தூக்கிக் கொடுக்காதீர்கள், மண்ணுக்குள் கூட்டுப்புழு இருக்கும். நீங்களும் கடையில் தொட்டி லில்லி வாங்கும்போது இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டே வாங்குங்கள். கொடுப்பதென்றால் தண்டு காய்ந்த பிறகு, ஒக்டோபரில், கிழங்கைக் கிண்டி எடுத்து மண்ணைக் கழுவி, காகிதத்தில் சுற்றிக் கொடுங்கள். வாங்கினவர் உலரவிடாமல் அந்தக் கிழமையே நட்டுவிட வேண்டும்.