பல்ப் இதழ்களில் கீழைத்தேய மறைஞானம்: கேள்வி பதில்

கேள்வி: மலிவுத் தாளில் அச்சான பழைய அமெரிக்கக் கதை இதழ்களான பல்ப் இதழ்களின் சாகசக் கதைகளில், திபெத்திய பௌத்தத் துறவிகளான லாமாக்களும் யோகிகளும் எவ்வாறு இத்தனை பேர் இடம்பெற்றார்கள்?

பதில்: அவர்களில் பலர் நம் நூல்களிலிருந்து நேராகச் சென்றவர்கள் அல்லர், பிரம்மஞான சபையின் (தியாசபிகல் சொசைட்டி) வழியாகச் சென்றவர்கள். 1875இல் நியூயார்க்கில் தொடங்கப்பெற்று, 1882இல் தலைமையகத்தைச் சென்னை அடையாற்றுக்கு மாற்றிக்கொண்ட அச்சபையின் நிறுவனர்களுள் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார், மறைந்து வாழும் மகாத்மாக்கள் மனித குலத்தின் வளர்ச்சிக்கு வழிகாட்டுவதாக எழுதினார். கண்ணுக்குப் புலப்படாத ஞானியர், எளிதில் எட்ட முடியாத மலைப்பகுதி, தகுதி பெற்றவருக்கு மட்டுமே திறக்கும் அறிவு என்று ஒரு சாகசக் கதைக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தன.

கேள்வி: யாரிடமிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

பதில்: டால்பட் மண்டியிடமிருந்து. 1879இல் லண்டனில் பிறந்து, இளமையில் இந்தியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் அலைந்து, 1909இல் அமெரிக்கா சேர்ந்தவர். 1911 முதல் 'அட்வென்ச்சர்' என்ற பல்ப் இதழில் எழுதினார்.

கேள்வி: அவருக்கு உண்மையான நம்பிக்கை இருந்ததா, விற்பனைக்காக எழுதினாரா?

பதில்: நம்பினார் என்றே கொள்கிறேன். அடையாற்றிலிருந்து பிரிந்து, கேத்தரின் டிங்லியின் தலைமையில் கலிபோர்னியாவின் பாயின்ட் லோமாவில் இயங்கிய பிரம்மஞானக் குழுவில் அவர் 1923இல் இணைந்தார். 1924இல் வெளியான 'ஓம்' நாவலில் அதன் பயன் தெரிகிறது: அங்கே தேடப்படும் பச்சை மாணிக்கக் கல் விற்றுப் பணமாக்கும் புதையல் அன்று, தன்னை உற்று நோக்குபவருக்கு அவரது மறைந்த இயல்பையே காட்டுவது. லாமா ஆசானாகவும் ஆங்கிலேய வனத்துறை அதிகாரி கற்பவராகவும் வருவது, அக்கால சாகசக் கதைகளில் அரிது.

கேள்வி: அசோகர் அமைத்த 'அறியப்படாத ஒன்பது பேர்' என்ற இரகசியக் குழு வரலாறுதானே?

பதில்: இல்லை, இதை அழுத்தமாகவே சொல்ல வேண்டும். ஆபத்தான அறிவைக் காக்கும் ஒன்பது பேரைப் பற்றிய மண்டியின் நாவல் 1923இல் 'அட்வென்ச்சர்' இதழில் தொடராக வந்தது. 1960இல் போவெல்ஸ், பெர்ஜியே என்ற இரு பிரெஞ்சு எழுத்தாளர்கள் தங்கள் நூலில் அக்குழுவை அசோகரின் பெயரோடு பழைய மரபாகவே எடுத்துரைத்தனர். மண்டியையும் 25 ஆண்டுகள் இந்தியாவில் போலீஸ் பணியில் இருந்தவராக அறிமுகப்படுத்தினர். அவர் அப்பணியில் அத்தனை ஆண்டுகள் இருந்தவர் அல்லர். அசோகரின் கல்வெட்டுகள் அறநெறியையும் மருத்துவ வசதியையும் கலிங்கப் போரின் வருத்தத்தையும் பேசுகின்றன; ஒன்பது பேரைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் கிடையாது. இன்று நம்மவர்களே பெருமையோடு பகிரும் அந்த 'மரபு', பரவலாக அறியப்பட்டது ஒரு தொடர்கதைக்குப் பிறகுதான் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அசோகருக்கு இத்தகைய புனைவு தேவையே இல்லை.

கேள்வி: இக்கதைகளில் காலனிய மனப்பான்மை இல்லையா?

பதில்: உண்டு. 1916இல் வந்த அவரது கைபர் கணவாய் நாவலின் நாயகன் பிரிட்டிஷ் உளவதிகாரி. ஒன்பது பேரின் கதையிலும் காளி பக்தர்களே கொடியவர்கள். காளி வழிபாட்டை அறிந்த நமக்கு அப்பக்கங்கள் கசக்கவே செய்யும்.

கேள்வி: அவரது நூல்களைத் தமிழாக்க உரிமை பெற வேண்டுமா?

பதில்: மண்டி 1940இல் மறைந்தார். எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டுகள் என்ற அப்போதைய இந்திய விதிப்படி, அவர் வாழ்நாளில் வெளியான நூல்களின் பதிப்புரிமை இந்தியாவில் 1990ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. 'ஓம்' நாவலிலிருந்து தொடங்குங்கள்.