மேலாளர் தானாகக் கவனிப்பார் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: கணக்குப் பிரிவில் எட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். என்னிடம் வேலை பழகிய இருவர் எனக்கு முன்பே பதவி உயர்வு பெற்றுவிட்டார்கள். புதியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, கூட்டக் குறிப்பு எழுதுவது, யாராவது விடுப்பு எடுத்தால் அந்த வேலையைச் சேர்த்துப் பார்ப்பது எல்லாம் நான்தான். "நீங்கள் இல்லாமல் இந்தப் பிரிவே நடக்காது" என்கிறார் மேலாளர். வாய்விட்டுக் கேட்டால் பேராசைக்காரி என்று நினைப்பாரோ என்று தயக்கமாக இருக்கிறது.

– ஒரு வாசகி

பதில்: உங்கள் மேலாளரின் பாராட்டில்தான் சிக்கலே இருக்கிறது. நீங்கள் இல்லாமல் நடக்காது என்று நினைப்பவர், உங்களை அந்த நாற்காலியிலிருந்து எழுப்ப ஏன் அவசரப்படப் போகிறார்? அவரைக் குறை சொல்லவில்லை. வேலை நடக்கிறது, நீங்களும் எதுவும் கேட்கவில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரியாமலேகூட இருக்கலாம்.

பல நிறுவனங்களில், ஆண்டு மதிப்பீட்டுக்காக உங்களை அழைத்துப் பேசும்போது முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும். எத்தனை இடங்கள், எவ்வளவு பணம் என்பது முன்னதாகவே ஒதுக்கப்பட்டு, மேலாளர்கள் கூடி உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பேசி முடித்திருப்பார்கள். அங்கே உங்கள் மேலாளர் "நன்றாக உழைப்பார்" என்று மட்டும் சொல்லி, அடுத்த பிரிவுக்காரர் தன் ஆள் செய்ததைப் புள்ளிவிவரத்தோடு அடுக்கினால் எந்தப் பெயர் நிற்கும்?

அதனால் அவர் அங்கே பேச வேண்டியதை நீங்களே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். "கடுமையாக உழைத்தேன்" என்பதெல்லாம் வேண்டாம். "மாதக் கணக்கை முடிக்க 9 நாள் ஆனது, சரிபார்க்கும் வரிசையை மாற்றியதால் இப்போது 5 நாளில் முடிகிறது" என்பதுபோல, முன்பு எப்படி இருந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். பயிற்சி கொடுத்ததையும் விட்டுவிடாதீர்கள். யார், எவ்வளவு நாளில் தனியாக வேலை பார்க்கத் தொடங்கினார் என்று எழுதினால் அது ஆளை நடத்தும் திறமைக்குச் சான்று.

கூட்டக் குறிப்பு எழுதும் வேலை மட்டும் எந்தப் பக்கத்திலும் ஏறாது. அமெரிக்கப் பொருளியலாளர் லிண்டா பாப்காக் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். யாராவது ஒருவர் செய்தே ஆக வேண்டிய, ஆனால் செய்பவருக்குப் பலன் குறைவான வேலைக்கு, ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் பெண்களே அதிகம் முன்வந்தார்கள். பெண்களிடமே அதிகம் கேட்கவும்பட்டது. ஆனால், பெண்கள் மட்டும் இருந்த குழுக்களில் பெண்கள் முன்வந்த அளவுக்கே, ஆண்கள் மட்டும் இருந்த குழுக்களில் ஆண்களும் முன்வந்தார்கள். ஆக, அவர்களுக்கு வராத வேலையல்ல! "இனி ஆளுக்கொரு மாதம் எழுதலாம்" என்று அடுத்த கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். விடுப்பில் போகிறவர்களின் வேலையையும் ஒருவருக்குப் பழக்கிவிடுங்கள். நீங்கள் நகர்ந்தால் அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று மேலாளருக்குத் தெரிய வேண்டும்.

இனி, கேட்பது. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். அலுவலகத்தில் அழுதால் எரிச்சல்தான் மிஞ்சும். "எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தீர்களே" என்று தொடங்காதீர்கள். "அடுத்த நிலைக்குப் போக விரும்புகிறேன். அதற்கு என்னிடம் எது குறைகிறது? எப்போது மறுபடி பேசலாம்?" என்று கேளுங்கள். இதைப் பேராசை என்று எந்த மேலாளரும் சொல்ல முடியாது. அவர் சொன்னதை அன்றே மின்னஞ்சலில் சுருக்கமாக எழுதி அனுப்பிவிடுங்கள். மதிப்பீட்டுக்கு நான்கைந்து மாதம் முன்பே இந்தப் பேச்சு நடப்பது நல்லது.

"பார்க்கலாம்" என்பதே பதிலானால், ஒருமுறை பொறுங்கள். இரண்டாம் முறையும் அதே பதில் வந்தால், உங்கள் நிறுவனத்தின் வேறு பிரிவுகளில் காலியிடம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சக ஊழியர்களிடமும் சொல்லி வையுங்கள். மேலாளருக்காக எழுதிய அந்த ஒரு பக்கத்தை அப்படியே விண்ணப்பத்துக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம்.